அம்மாவுக்கு டிவி ஸ்பீக்கர், எனக்கு ஹோம் தியேட்டர், நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு

எங்கள் வீட்டில் ஒரே டிவிதான். 43 இஞ்ச், ஹாலில் சுவரோடு ஒட்டி மாட்டியது. காலை 6 மணிக்கு பக்திப் பாடலில் தொடங்கி ராத்திரி ஒன்பதரைக்குக் கடைசி சீரியல் முடிகிற வரைக்கும் அது அம்மாவுடையது, அதற்கு மேல் என்னுடையது. இந்த ஏற்பாட்டில் இதுவரை சண்டை வந்ததில்லை. சண்டை வந்ததெல்லாம் சத்தத்தில்தான். எனக்கு 5.1 வேண்டும், அதாவது சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கரும் 'டமால்' சத்தத்துக்கு ஒரு சப்வூஃபரும். அம்மாவுக்கு அது வேண்டவே வேண்டாம். "பேசுறது கேக்கல, திடீர்னு டமால்னு நெஞ்சுல இடிக்குது, எதுக்குடா இந்தக் கருமம்" என்பது அவருடைய விமர்சனம். அதில் பாதி நியாயம் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது, அதற்கு வருகிறேன்.

ஆக வேலை இதுதான்: பகலில் டிவி ஸ்பீக்கர், ராத்திரி ஹோம் தியேட்டர். மாற்றுவதற்கு அம்மா எந்த மெனுவுக்குள்ளும் போகக் கூடாது, இரண்டாவது ரிமோட்டைத் தொடக் கூடாது. கேட்டால் அரை மணி நேர வேலை மாதிரி இருக்கும். எனக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை போனது.

முதல் ஞாயிறு, பரணிலிருந்து அப்பாவின் பழைய செட்டை இறக்கினேன். 4440 போர்டு போட்ட அசெம்பிள் ஆம்ப்ளிஃபையர். அந்தக் காலத்தில் டீக்கடை, மினி பஸ், ஆட்டோ எல்லாவற்றிலும் பாடியது இந்த ஐசிதான். சான்யோ கம்பெனியின் எல்ஏ4440, ஸ்டீரியோவாகப் போட்டால் பக்கத்துக்கு 6 வாட், இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்து பிரிட்ஜ் போட்டால் மோனோவில் 19 வாட். கடையில் "200 வாட்" என்று சொல்லித்தான் விற்பார்கள், அது வேறு கதை. தூசி தட்டி 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை மாட்டினேன், பல்பு எரிந்தது. டிவியின் ஹெட்ஃபோன் ஓட்டையிலிருந்து 3.5 எம்எம் பின், மறுமுனையில் சிவப்பு, வெள்ளை. பாட்டு வந்தது. பாட்டோடு "ம்ம்ம்ம்" என்று ஒரு உறுமலும் வந்தது.

வால்யூமைக் குறைத்தாலும் உறுமல் குறையவில்லை. போர்டில் ஃபில்டர் கெப்பாசிட்டர் போயிருக்கும் என்று நினைத்து புதுசு வாங்கி சால்டர் செய்தேன், ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் தற்செயலாக செட்டாப் பாக்ஸின் டிஷ் கேபிளைக் கழற்றியபோது உறுமல் கத்தியால் வெட்டின மாதிரி நின்றது. டிஷ் மொட்டை மாடியில் இரும்புக் கம்பியில் நிற்கிறது, கேபிளைச் சுற்றியிருக்கும் உலோக மேல்வலை வழியாக அது ஒரு எர்த். ஆம்ப்ளிஃபையரின் மூன்று பின் பிளக் இன்னொரு எர்த். இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் வோல்டேஜ் வித்தியாசம் இருந்தாலும் அது ஆடியோ ஒயரின் மேல்வலை வழியாக ஓடி 50 ஹெர்ட்ஸ் உறுமலாக ஸ்பீக்கரில் வரும். கெப்பாசிட்டர் பாவம், சும்மா மாற்றினேன்.

உறுமலைவிட பெரிய தொல்லை வேறு. எங்கள் டிவியில் ஹெட்ஃபோன் பின்னைச் சொருகினால் டிவி ஸ்பீக்கர் தானாக அடங்கிவிடும், உருவினால் திரும்ப வரும். அதாவது ஸ்விட்ச் வேலையைப் பின்னே செய்கிறது! ஆனால் அந்த ஓட்டை டிவிக்குப் பின்பக்கம், சுவருக்கும் டிவிக்கும் நடுவே நான்கு விரல் இடம். தினமும் இரண்டு வேளை கையை உள்ளே விட்டு, பல்லி எச்சத்தில் தடவித் தடவி உருவிச் சொருகியதில் சில நாளிலேயே ஓட்டை லூஸ் ஆகி, லேசாக அசைந்தாலே சத்தம் இங்கேயும் அங்கேயும் தாவ ஆரம்பித்தது.

சரி, டிவியைத் திறந்து அதன் ஸ்பீக்கர் ஒயரை வெட்டி நடுவே ஒரு ஸ்விட்ச் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். மேலே தள்ளினால் உள் ஸ்பீக்கர், கீழே தள்ளினால் அந்த ஒயரே நேராக ஆம்ப்ளிஃபையருக்கு. ஆறு கால் டாக்கிள் ஸ்விட்ச்கூட வாங்கிவிட்டேன். நல்ல வேளையாக டிவியைத் திறக்கும் முன் எங்கள் தெரு டிவி மெக்கானிக் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொன்னேன். அவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அந்த மைனஸ் மைனஸ் இல்ல."

அவர் சொன்னதன் அர்த்தம் இது. பழைய 4440 செட்டில் ஸ்டீரியோ இணைப்பில் ஸ்பீக்கரின் ஒரு ஒயர் கிரவுண்ட், இன்னொன்றில்தான் சிக்னல். இன்றைய எல்இடி டிவிகளில் பெரும்பாலும் கிளாஸ் டி ஐசி, அதுவும் பிரிட்ஜ் முறையில். ஸ்பீக்கருக்குப் போகிற இரண்டு ஒயரும் உயிருள்ளவை, இரண்டையும் ஐசி எதிரெதிராக ஓட்டுகிறது. அதில் ஒன்றைக் கறுப்பு நிறமாக இருக்கிறதே என்று வெளி ஆம்ப்ளிஃபையரின் கிரவுண்டில் சேர்த்தால் ஐசி பொசுக். இப்போதெல்லாம் அந்த ஐசி மெயின் போர்டிலேயே இருக்கிறது, அது போனால் போர்டையே மாற்றச் சொல்வார்கள். ஸ்பீக்கரை வெறுமனே நிறுத்த வேண்டும் என்றால் இரண்டு ஒயரையும் சேர்த்துத் துண்டிக்கலாம், அதோடு சரி. அந்த ஆறு கால் ஸ்விட்ச் இன்னும் என் டிராயரில் கிடக்கிறது.

இரண்டாவது ஞாயிறு ஆப்டிகல். டிவிக்குப் பின்னால் சின்னக் கதவு வைத்த சதுர ஓட்டை ஒன்று இருக்குமே, அது. டோஷிபா 1983இல் கொண்டுவந்தது, அதனால்தான் அதற்கு டாஸ்லிங்க் என்று பெயர். உள்ளே கம்பி கிடையாது, சிவப்பு வெளிச்சம் மட்டும். மின்சாரத் தொடர்பே இல்லாததால் டிஷ் எர்த் உறுமல் அதன் வழியாக வர வாய்ப்பே இல்லை. 4440 போர்டுக்கு வெளிச்சம் புரியாது என்பதால் நடுவே ஒரு சின்ன டேக் பெட்டி வாங்கினேன், டிஜிட்டல் ஒலியைச் சாதாரண ஆடியோ சிக்னலாக மாற்றுவது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, யுஎஸ்பி கரண்ட், ஒரு பக்கம் ஆப்டிகல், மறுபக்கம் சிவப்பு வெள்ளை.

கேபிள் உள்ளே போகவே மாட்டேன் என்றது. பத்து நிமிடம் தள்ளிப் பார்த்துவிட்டு டார்ச் அடித்தால், முனையில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தொப்பி. அதைக் கழற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கழற்றியதும் 'டிக்' என்று உட்கார்ந்தது, மறுமுனையில் தீக்குச்சித் தலையளவு சிவப்பு வெளிச்சம். சொருகினேன். சத்தம் இல்லை. டேக் பெட்டி கெட்டது என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டேன். வாசல் வரை போனவன், மெனுவில் ஒரு தடவை பார்க்கலாமே என்று திரும்பி வந்தேன். 'டிஜிட்டல் ஆடியோ அவுட்' என்ற இடத்தில் 'ஆட்டோ' என்றிருந்தது. அப்படி இருந்தால் ஆப்களில் சுருக்கிக் கட்டி வரும் டால்பி டிஜிட்டல் ஒலியை டிவி பிரிக்காமல் அப்படியே கட்டாக வெளியே தள்ளும். அந்தக் கட்டைப் பிரிக்க இந்த மலிவுப் பெட்டிக்குத் தெரியாது, அதற்குத் தெரிந்தது பிசிஎம் என்ற சுருக்காத டிஜிட்டல் ஒலி மட்டும். 'பிசிஎம்' என்று மாற்றியதும் சத்தம் வந்தது, உறுமல் இல்லாமல், சுத்தமாக. ஆப்டிகலில் சத்தமே இல்லை, அல்லது கரகரவென்று இரைச்சல் மட்டும் என்றால் முதலில் இதைப் பாருங்கள், கேபிளைத் திட்டுவதற்கு முன்னால்.

ஆனால் ஆப்டிகலில் இரண்டு குறை. ஒன்று, டிவி ரிமோட்டின் வால்யூம் அதற்குப் போகாது, எங்கள் டிவியில் அது எப்போதும் ஒரே அளவில்தான் வெளியே வரும். இரண்டாவது, ஆப்டிகல் சொருகியிருப்பது டிவிக்கே தெரியாது. அதனால் டிவி ஸ்பீக்கரும் பாடும், செட்டும் பாடும், இரண்டும் கொஞ்சம் முன்பின்னாக. 30 மில்லி நொடி தாமதம் என்றால் ஒலிக்கு அது 10 மீட்டர் தூரம், கிட்டத்தட்ட இரண்டு வீடு தள்ளி இன்னொரு டிவி ஓடுவது மாதிரி. கிணற்றுக்குள் செய்தி வாசிப்பது போலிருந்தது. ஒவ்வொரு முறையும் டிவியை மியூட் செய்து, செட்டை ஆன் செய்து, அப்புறம் திரும்பவும்... அம்மாவிடம் இதைச் சொல்லக்கூட இல்லை.

இந்தச் சமயத்தில்தான் வெளிநாடு கிளம்பிய நண்பன் ஒருவன் தன்னுடைய 5.1 ரிசீவரையும் (எச்டிஎம்ஐ ஓட்டைகள் வைத்த ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபையர்) ஸ்பீக்கர்களையும் என் தலையில் கட்டினான். சும்மா சொல்லக் கூடாது, நல்ல பெட்டி, பதினைந்து கிலோ இருக்கும். 4440 மறுபடி பரணுக்குப் போனது.

மூன்றாவது ஞாயிறு எச்டிஎம்ஐ. இங்கே முதலில் முடிவு செய்ய வேண்டியது கேபிள் அல்ல, யாரை எதில் சொருகுவது என்பது. ரிசீவரில் நான்கு எச்டிஎம்ஐ இன் இருக்கிறதே என்று செட்டாப் பாக்ஸ், ஆப்களுக்கான ஸ்டிக், எல்லாவற்றையும் அதில் சொருகி ஒரே கேபிளில் டிவிக்குப் படம் அனுப்பலாம். பார்க்க அழகாக இருக்கும். நானும் அப்படித்தான் செய்தேன். மறுநாள் காலை அம்மா டிவியைப் போட்டால் 'சிக்னல் இல்லை'. ரிசீவர் தூங்கினால் அதன் வழியாக வரும் படமும் தூங்கிவிடும். தூக்கத்திலும் படத்தைக் கடத்தி விடும் வசதி மெனுவில் உண்டு, அதைப் போட்டால் பெட்டி இருபத்து நாலு மணி நேரமும் அரைத் தூக்கத்தில் வெதுவெதுப்பாகக் கிடந்து கரண்ட் குடிக்கும். ஆகவே எல்லாவற்றையும் உருவி டிவியிலேயே சொருகினேன். டிவிதான் தலைவர், ரிசீவர் வெறும் வாய். ரிசீவர் செத்துப் போனாலும் அம்மாவின் சீரியல் ஓட வேண்டும்.

டிவியிலிருந்து சத்தம் ரிசீவருக்குத் திரும்பிப் போகத்தான் ஏஆர்சி, அதாவது ஆடியோ ரிட்டர்ன் சேனல். 2009இல் எச்டிஎம்ஐ 1.4 வந்தபோது சேர்த்தது. அதுவரை எதற்கும் பயன்படாமல் ஒதுக்கி வைத்திருந்த 14வது பின்னுக்கு அப்போதுதான் வேலை கிடைத்தது. கேபிளை டிவியில் 'ஏஆர்சி' என்று எழுதிய ஓட்டையில்தான் சொருக வேண்டும், எங்கள் டிவியில் அது மூன்றில் ஒன்று மட்டும். ரிசீவர் பக்கம் 'அவுட்'டில் சொருக வேண்டும், 'இன்'னில் அல்ல. சத்தம் உள்ளே வருகிறது, அப்படியென்றால் 'இன்'தானே என்று அரை நாள் போராடினேன். ஓட்டையின் பெயர் படம் போகிற திசைக்கு வைத்தது, சத்தம் அதே கேபிளில் எதிர்த்திசையில் வருகிறது.

ஓட்டைகளைச் சரியாகப் பிடித்த பிறகும் சத்தம் இல்லை. ரிசீவரின் மெனு டிவியில் அழகாகத் தெரிந்தது, சத்தம் மட்டும் திரும்பி வரவில்லை. செட்டாப் பாக்ஸோடு இலவசமாகக் கொடுத்த பழைய கேபிள் அது. "14ஆம் பின்னுக்கு உள்ள ஒயரே போடாத கேபிள் எல்லாம் இருக்கு தம்பி" என்று மெக்கானிக் அண்ணன் தன்னிடமிருந்த வேறொன்றைக் கொடுத்தார். அதைப் போட்டும் வரவில்லை. அப்புறம்தான் சிஇசி அணைந்திருப்பதைப் பார்த்தேன். 13வது பின்னில் ஓடும் ஒற்றைக் கம்பிப் பேச்சு அது, டிவியும் ரிசீவரும் "நீ இருக்கிறாயா, எழுந்திரு, வால்யூமை ஏற்று" என்று பேசிக்கொள்வது அதில்தான். எங்கள் டிவி, ரிசீவர் இரண்டிலும் அது இல்லாமல் ஏஆர்சி எழவில்லை. ஒவ்வொரு கம்பெனியும் இதற்கு ஒரு செல்லப் பெயர் வைத்திருப்பதால் மெனுவில் தேடினால் கிடைக்காது: சாம்சங்கில் அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். இரண்டு பக்கமும் ஆன் செய்தேன். பழைய கேபிளையும் ஒரு முறை திரும்பப் போட்டுப் பார்த்தேன், அதில் வரவே இல்லை, அண்ணன் சொன்னது சரி.

ராத்திரி பத்து மணிக்கு ரிசீவரின் பவரை அமுக்கினேன். டிவி திரையில் 'ஆடியோ சிஸ்டம்' என்று வந்து, டிவி ஸ்பீக்கர் தானாக அடங்கி, ஐந்து பக்கமும் சத்தம். டிவி ரிமோட்டிலேயே வால்யூம் ஏறி இறங்கியது. ரிசீவரை அணைத்தேன், டிவி ஸ்பீக்கர் தானாகத் திரும்பி வந்தது. ஆக அந்த பவர் பட்டன்தான் நான் தேடிய ஸ்விட்ச்! நிம்மதியாகப் படம் பார்த்துவிட்டு டிவியை அணைத்துவிட்டுத் தூங்கினேன்.

காலை 6 மணிக்கு சப்வூஃபரில் சுப்ரபாதம். வீடே அதிர்ந்தது. நான் ராத்திரி சண்டைக் காட்சிக்கு ஏற்றி வைத்த வால்யூமில் நாதஸ்வரமும் தவிலும். பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "என்ன, வீட்டுல விசேஷமா?" என்று கேட்டார்.

நான்காவது ஞாயிறு முழுக்க இந்த ஒன்றுக்குத்தான். 'டிவி ஆன் ஆனதும் மற்றக் கருவிகளையும் எழுப்பு' என்ற மெனு வரியை அணைத்தேன், அப்போதும் எழுந்தது. ஐந்தாறு தடவை வெவ்வேறு வரிசையில் போட்டு அணைத்துப் பார்த்த பிறகு பிடிபட்டது: அணைக்கும் நேரத்தில் சத்தம் எங்கே போய்க்கொண்டிருந்ததோ அதை டிவி நினைவில் வைத்துக்கொள்கிறது. 'ஆடியோ சிஸ்டம்' என்ற நிலையில் டிவியை அணைத்தால், மறுநாள் கண் விழித்ததும் "எங்கே என் ஆடியோ சிஸ்டம்" என்று கேட்டு ரிசீவரைத் தட்டி எழுப்பும். ரிசீவரை முதலில் அணைத்தால் டிவி தன் ஸ்பீக்கருக்குத் திரும்பிவிடும், அதன் பிறகு டிவியை அணைத்தால் காலையில் ரிசீவர் அசையாது. முதலில் பெட்டி, அப்புறம் டிவி. முன்னெச்சரிக்கையாக ரிசீவர் எப்போது எழுந்தாலும் -40 டெசிபலில்தான், அதாவது மெல்லிய சத்தத்தில்தான், தொடங்க வேண்டும் என்று அதன் மெனுவில் கட்டிப் போட்டேன், மறந்தாலும் பக்கத்து வீடு வரை போகாது.

மிச்சமிருந்தது உதடு. ஹோம் தியேட்டரில் பேச்சு உதட்டசைவைவிடக் கொஞ்சம் பிந்தி வந்தது. ரிசீவரில் 'சிங்க்' என்று ஒரு எண் இருக்கிறது, ஆனால் அது சத்தத்தை இன்னும் பிந்த வைக்கத்தான் உதவும், ஏற்கெனவே பிந்துகிற சத்தத்தை முன்னால் இழுக்காது. டிவி அவுட்டை மறுபடியும் தொட்டேன், பிசிஎம்மிலிருந்து 'பாஸ் த்ரூ'வுக்கு. டிவி பிரித்து மேயாமல் அப்படியே தள்ளிவிட்டதும் சரியானது, 5.1உம் அப்போதுதான் உண்மையில் வந்தது, அதுவரை வெறும் ஸ்டீரியோவைத்தான் ஐந்து ஸ்பீக்கரில் கேட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இதைச் சோதிக்க டப்பிங் சீரியலைப் போடாதீர்கள், அதில் உதடு எப்போதுமே சேராது. செய்தி வாசிப்பவரைப் பாருங்கள், 'ப', 'ம' வரும் இடத்தில் உதடு ஒட்டுகிறதா என்று. 'முதலமைச்சர்' என்ற ஒரு சொல் போதும், இரண்டு முறை ஒட்டும்.

அம்மாவின் விமர்சனத்துக்கு வருகிறேன். 5.1இல் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். நான் அதை டிவி ஸ்டாண்டின் கீழ்த் தட்டில், சாமான்களுக்குப் பின்னால், அம்மாவின் பஞ்சாங்கத்துக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி வைத்திருந்தேன். தட்டின் விளிம்புக்கு இழுத்து, முன்பக்கம் லேசாகத் தூக்கி, நடு சேனலை மட்டும் 3 டெசிபல் ஏற்றினேன். 'நைட்' மோடையும் போட்டேன், டால்பியில் அது டமாலை அடக்கி முணுமுணுப்பைத் தூக்கிவிடும். ஒரு பழைய படத்தைப் போட்டு அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "இப்ப பரவால்ல" என்றார். சீரியலுக்கு மட்டும் வேண்டாமாம்.

இப்போதும் ஒரு குறை இருக்கிறது. எங்கள் இன்வெர்ட்டர் பழைய ஸ்கொயர் வேவ், அதில் ரிசீவரைப் போட்டால் டிரான்ஸ்ஃபார்மர் வண்டு மாதிரி ரீங்காரமிடும், அதனால் டிவி மட்டும் இன்வெர்ட்டர் லைனில், ரிசீவர் நேர் லைனில். ராத்திரி படத்தின் நடுவே கரண்ட் போனால் ரிசீவர் சொல்லாமல் கொள்ளாமல் சாகும், டிவிக்கு அது புரியச் சில நொடி ஆகும், அதுவரை எல்லோரும் வாயசைப்பார்கள். அதற்கு நான் எதுவும் செய்யவில்லை.

என் மறதிக்கு மட்டும் ஒன்று செய்தேன். மகளின் நெயில் பாலிஷை எடுத்து ரிசீவரின் பவர் பட்டனில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்து, "டமால்னு கேட்டா இதை ஒரு தடவை அமுக்கு, போதும்" என்று அம்மாவிடம் சொன்னேன். போன செவ்வாய்க்கிழமை படம் முடிந்து அரைத் தூக்கத்தில் டிவியை முதலில் அணைத்துவிட்டேன். காலையில் சப்வூஃபரில் நாதஸ்வரம் மெதுவாகத் தொடங்கியது, எழுந்து உட்கார்ந்து செருப்பைத் தேடினேன். அதற்குள் ஹாலில் 'டக்' என்று ரிலே சத்தம், பாட்டு டிவி ஸ்பீக்கருக்குப் போய்விட்டது. திரும்பிப் படுத்துக்கொண்டேன்.